ஒற்றைச் செருப்புச் சுறா

சுறாவைக் காணவில்லை என்பது கலையரசிக்குத் தெரிந்தபோது குழந்தை இருமி ஓய்ந்திருந்தது.

ஆரணி கொசப்பாளையத்தில், ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வரிசை வீடுகளில் ஒன்று அவருடையது. முன்னறை முழுக்கத் தறி. தறியை ஒட்டிப் போட்டிருந்த பாயில் பக்கத்து வீட்டு பவித்ராவின் மகள் கனிமொழி உட்கார்ந்திருந்தாள். எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகும் வயது. பவித்ரா மாடியில் துணி காயப்போடப் போயிருந்தார். திடீரென்று இருமல் சத்தம். மூச்சை உள்ளே இழுக்க முடியாத இருமல். குழந்தையின் முகம் சிவந்து, பிறகு கறுத்தது. கலையரசி தறிக்குழியிலிருந்து எம்பி வெளியே வந்து, குழந்தையைக் கையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார். பாலும் எச்சிலும் வந்தன. இருமல் நின்று அழுகை வந்தது.

அழுகிறது என்றால் மூச்சு வருகிறது. அந்த ஆறுதலோடு நிமிர்ந்தவர், தான் உட்காரும் இடத்துக்கு வலப்பக்கம் இருந்த மரச்சட்டத்தைப் பார்த்தார். அதன்மேல் எப்போதும் நிற்கும் சுறா இல்லை.

கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும். சாம்பல் நிறக் கெட்டிப் பிளாஸ்டிக். இரண்டு காலில் நிற்கும், இடுப்பில் கை வைத்திருக்கும், ஒரு காலில் மட்டும் நீலச் செருப்பு போட்டிருக்கும். கலையரசி அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்திருந்தார். தான் நெய்வதை நாள் முழுக்க வேலை செய்யாமல் நின்று பார்ப்பதால் அந்தப் பெயர்.

பாயைத் தூக்கி உதறினார். குழந்தையின் சட்டையை உதறினார். குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார். பிறகு மாடியைப் பார்த்து பவித்ராவைக் கூப்பிட்டார். அந்தக் குரலைக் கேட்டு வந்தது பவித்ரா மட்டுமில்லை, தெருவே வந்துவிட்டது.

இந்தப் பொம்மைகளால்தான் தெருவில் கலையரசியை எல்லோருக்கும் தெரியும். கலசப்பாக்கம் பக்கம் அறுப்பும் நடவுமாகப் பிழைத்த குடும்பத்தில் பிறந்து, கல்யாணமாகி ஆரணிக்கு வந்தபின் தறி பழகியவர். மகன் விக்னேஷ் சின்ன வயதில் விளையாடிய பொம்மைகளை ஒரு டப்பாவில் விட்டுவிட்டுப் பாலிடெக்னிக் விடுதிக்குப் போனான். அவனுக்கு அவை சலித்துவிட்டன, அம்மாவுக்குச் சலிக்கவில்லை. வேலூருக்குப் போனால் பழைய பிளாஸ்டிக் பொம்மைகளை மூட்டையாகக் கொட்டி விற்கும் கடையில் குத்துக்காலிட்டுத் தேடுவார். அழகான பொம்மை எதையும் தொடமாட்டார். கிறுக்குப் பிடித்த பொம்மைதான் வேண்டும். முட்டை ஓட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் போலீஸ்காரர், சோபாவில் சாய்ந்து தொப்பையைச் சொறியும் தவளை, ஹெல்மெட் போட்ட கோழி. சுறாக்களுக்குத் தனித் தட்டு. வாழைப்பழத் தோலை உரித்துக்கொண்டு வெளியே வரும் சுறா, மிதவை வளையம் மாட்டிக்கொண்டு பயந்து நிற்கும் சுறா, பல் வலிக்குக் கன்னத்தில் துணி கட்டிய சுறா.

"கடலே இல்லாத ஊர்ல சுறாவ வளக்கறா எம் பொண்டாட்டி" என்று ஷேர் ஆட்டோவில் ஏறுகிறவர்களிடம் எல்லாம் சொல்வார் கணவர் தென்னரசு. "மழ வந்தா ஏரி ரொம்பும், அங்க போயி வுட்டுர்லான்னு கீறேன்."

குழந்தை தவழ ஆரம்பித்ததும் சின்னப் பொம்மைகளை எல்லாம் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்கு ஏற்றிவிட்டார் கலையரசி. கீழே கிடந்த நட்டு டப்பாவைக்கூட மேல் பரணுக்குத் தூக்கிப் போட்டார். மேஸ்திரி மட்டும் சட்டத்திலேயே நின்றது. குழந்தைக்குத்தான் எழுந்து நிற்க வராதே என்ற நினைப்பு. அந்த வாரம்தான் நிற்க வந்திருந்தது.

இதெல்லாம் பவித்ராவிடம் சொல்ல நேரமில்லை. ஒன்றைத்தான் சொன்னார். "பவி, சுறாவக் காணோம். கொயந்த இருமிச்சி."

பவித்ரா பாய்ந்தார். குழந்தையைப் பிடுங்கிக்கொண்டார். யாரோ போன் செய்ய, தென்னரசுவின் ஆட்டோ சந்தையருகில் சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பியது. மருத்துவமனை வரைக்கும் அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பின் இருக்கையில் குழந்தை இப்போது சிணுங்கக்கூட இல்லை, தூங்கியது. அது தூக்கமா வேறெதுவுமா என்று இரண்டு பெண்களும் மாறி மாறி அதன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் இளைஞர். முகத்தில் எதுவும் காட்டவில்லை.

"ஒண்ணும் தெரியலைங்க" என்றார்.

"அப்ப முழுங்கலையா சார்?" என்றார் தென்னரசு.

"அப்படிச் சொல்ல முடியாது. பிளாஸ்டிக் எக்ஸ்ரேல தெரியாது. நட்டு, காசு, அந்த மாதிரி இருந்தா பளிச்சுனு தெரியும். மூச்சுக்குழாய்ல எங்கயாவது சிக்கியிருந்தா இப்ப நல்லா இருக்கற மாதிரி இருக்கும், அப்புறம் நகர்ந்து போய் மொத்தமா அடைச்சிரும். ரிஸ்க் எடுக்க வேணாம். வேலூர் போயிடுங்க. மயக்க மருந்து குடுத்து, குழாய் விட்டுப் பார்ப்பாங்க."

"இம்மாத்தூண்டு கொயந்தைக்கா?" என்றார் பவித்ரா.

"அதனாலதான்மா சுலபமில்லன்னு சொல்றேன். அந்தப் பொம்ம கெடச்சிட்டா இதெல்லாம் வேணாம். நல்லா தேடினீங்களா?"

தேடினோம் என்று சொல்லும்படி யாரும் தேடியிருக்கவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. செய்யாறு பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் பவித்ராவின் கணவர் வெற்றிச்செல்வன் நேராக வேலூருக்கே வருவதாகச் சொல்லிவிட்டார். துணைக்குத் தென்னரசு ஏறினார். கலையரசியும் படியில் கால் வைத்தார். உள்ளேயிருந்து பவித்ரா அவரைப் பார்த்தார். காலையிலிருந்து முதல்முறையாக நேராகப் பார்த்தார்.

"நீ வராதக்கா. நீ போயி தேடு. எம் பொண்ணு தொண்டைல கத்தி கித்தி வெக்கறதுக்குள்ள அத்த தேடி எடு."

கலையரசி காலைக் கீழே எடுத்து வைத்தார். கதவு மூடியது.

வேலூர் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம்தான் அவரிடம் இருந்தது. வீட்டுக்கு நடந்தாரா ஓடினாரா என்று அவருக்கே நினைவில்லை. ஆனால் வீட்டு வாசலில் அவரால் உள்ளே நுழைய முடியவில்லை. அவ்வளவு கூட்டம். அவர் போன கையோடு தெரு தேடத் தொடங்கியிருந்தது. பானைகள் வெளியே வந்திருந்தன. பாய்களை வாசலில் விரித்து உதறியிருந்தார்கள். அரிசி டின்னை முறத்தில் கொட்டி ஒருவர் புடைத்துக்கொண்டிருந்தார். அலமாரியைத் திறந்துவிட்டிருந்தார்கள். தவளையும் போலீஸ்காரரும் தரையில் கிடந்தார்கள்.

"இதுவா பாரு" என்று ஆளாளுக்கு ஒரு சுறாவை நீட்டினார்கள்.

"அது வாயப்பயம். அது இல்ல."

"இது?"

"அது பல்லு வலி. அது இல்லங்க, செருப்பு போட்டிருக்கும்."

"சுறாவுக்குச் செருப்பு இன்னாத்துக்குடி?" என்று கேட்ட பெண், பதிலை எதிர்பாராமல் பக்கத்தில் நின்றவளிடம் திரும்பினாள். "புள்ள பாலிடெக்னிக் போயாச்சி. இவ பொம்ம வெச்சி வெளயாடிகினு கீறா. இன்னொருத்தி கொயந்தைக்கு எமனா வந்து நிக்கிது."

கலையரசிக்கு அது காதில் விழுந்தது. கோபம் வரவில்லை. சரியாகத்தான் சொல்கிறாள் என்று தோன்றியது. அதுதான் பயமாக இருந்தது. இத்தனை பேர் மிதிக்கும் தரையில் ஒரு கட்டைவிரல் நுனியை எங்கே தேடுவது? தறிக்குழிக்குள் இறங்கி, மிதிகட்டைகளுக்கு அடியில் மண்ணோடு மண்ணாகக் கையால் துழாவினார். தலைமுடி, பட்டுக் கழிவு, ஒரு பழைய ஹேர்பின். எதிரே, குழந்தை உட்கார்ந்திருந்த இடத்தில் பாய்கூட இல்லை.

வரிசையின் கடைசி வீட்டில் தறி போட்டிருக்கும் பொன்னியம்மாள்தான் கூட்டத்தை விரட்டினார். "போதும், வெளிய போங்க. மிச்சம் மீதி கெடைக்கறதும் உங்க கால்லயே ஒட்டிகினு போயிரும்." பிறகு தறியைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். "சட்டத்து மேலதான நிக்கும்? காத்தால எவ்ளோ நெய்ஞ்ச?"

"ஒரு மொழம் இருக்கும்."

"தட்டற வேகத்துல சேல மேல வியுந்து, சுருட்டறப்ப உள்ள போயிருந்தா?"

கலையரசிக்கு மூச்சு திரும்பி வந்ததுபோல் இருந்தது. நெய்த சேலை, உட்கார்ந்திருப்பவரின் மடிக்கு எதிரே உள்ள உருளையில் சுருண்டுகொண்டே போகும். ஏதாவது விழுந்தால் துணியோடு சேர்ந்து உள்ளே போகும்தான். ஆனால் அதைப் பார்க்க வேண்டுமென்றால் சுருளைப் பிரிக்க வேண்டும். பிரிக்க வேண்டுமென்றால் தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் பாவின் இழுப்பைத் தளர்த்த வேண்டும். நடுவில் தளர்த்திப் பிரித்த சேலையில் குறுக்கே ஒரு கோடு விழும். முகூர்த்தச் சேலை அது. நெய்யக் கொடுத்த முதலாளி வெளிச்சத்தில் பிடித்தால் அந்தக் கோடு முதலில் தெரியும்.

"போவட்டும்" என்றார் கலையரசி. பொன்னியம்மாள் தறியின் அந்தப் பக்கம் போய்ப் பிடித்துக்கொண்டார்.

உருளையின் பூட்டை எடுத்தார்கள். துணியைப் பிரித்தார்கள். அரக்கு நிறப் பட்டு, சின்னச் சின்ன மாங்காய் புட்டா. முழம் முழமாக மடியில் விழுந்தது. கலையரசி ஒவ்வொரு சாணாகத் தடவினார். காலையில் நெய்தது முடிந்து, நேற்று நெய்ததும் வந்துவிட்டது. ஒன்றுமில்லை. வழுவழுவென்று பட்டு மட்டும்தான்.

கைகளைத் துணியின்மேல் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இனி தேட இடமில்லை. வீட்டில் இல்லையென்றால் இருக்கக்கூடிய ஒரே இடம் அந்தச் சின்னத் தொண்டை. ஆம்புலன்ஸ் இந்நேரம் வேலூர் போய்ச் சேர்ந்திருக்கும். போகிற வழியில் வண்டி குலுங்கி, அது நகர்ந்து, மொத்தமாக அடைத்திருந்தால்? பவித்ராவின் முகத்தை இனி எப்படிப் பார்ப்பது என்ற நினைப்புகூட வரவில்லை. குழந்தை கறுத்துப்போன அந்த நொடிதான் திரும்பத் திரும்ப வந்தது.

"அக்கா, அது இன்னா?" என்றார் கலையரசி திடீரென்று.

"எது?"

இழுப்புப் போன பாவு முழுக்கத் தொய்ந்து கிடந்தது, கயிற்றில் காயும் துணிபோல். ஆயிரக்கணக்கான இழைகளில் எதிலும் விறைப்பில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. வலப்புறம், கரையை ஒட்டி, ஓர் இழை மட்டும் கம்பிபோல் நேராக நின்றது.

பட்டுத் தறியில் இழை அறுவது அன்றாடம் நடப்பது. அறுந்தால் புது இழையை முடிந்து, பின்பக்கம் பாவு உருளைக்கு மேலாகப் போட்டு, தொய்யாமல் இருக்க அதன் நுனியில் ஏதாவது கனத்தைக் கட்டித் தொங்கவிடுவார்கள். பெரும்பாலும் ஒரு நட்டு. கைக்கு எட்டும் இடத்தில் நட்டு டப்பா இருக்கும். நெய்பவர் அதைப் பார்ப்பதில்லை. கை போகும், எடுக்கும், கட்டும். வாய் வேறு எதையாவது பேசிக்கொண்டிருக்கும்.

காலையில் ஓர் இழை அறுந்தது. குழந்தை அப்போது பசிக்கு அழுதுகொண்டிருந்தது. "தோ வந்துட்டாங்க அம்மா, தோ" என்று அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே கலையரசி இழையை முடிந்தார். கை நட்டைத் தேடிப் போனது. நட்டு டப்பா அங்கே இல்லை. குழந்தை விழுங்கிவிடக்கூடாதென்று அவரே பரணுக்கு ஏற்றியிருந்தார். கைக்கு அகப்பட்டது எதுவோ அதை எடுத்துக் கட்டியிருந்தது.

கலையரசி அந்த இழையை விரலால் தொட்டபடியே தறியின் பக்கவாட்டில் நகர்ந்து போனார். பொன்னியம்மாள் டார்ச்சைப் பிடித்தார். பாவு உருளைக்கும் சுவருக்கும் இடையில், இருட்டில், வால் பக்கம் முடிச்சுப் போட்ட சுறா தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மெதுவாகச் சுற்றியது. இடுப்பில் கை வைத்திருந்தது.

சந்தோஷப்பட நேரமில்லை. பவித்ராவுக்கு அடித்தார். சுவருக்கு அந்தப் பக்கம், பூட்டிய வீட்டுக்குள் பவித்ராவின் போன் அடித்தது. தென்னரசுவுக்கு அடித்தார். முழுவதும் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தார். அவசரத்தில் வேறு யாருக்கோ போனது. மூன்றாவது முறை தென்னரசு எடுத்தார்.

"கெடச்சிருச்சிங்க. கெடச்சிருச்சி. தறியாண்டதான் கீது."

"உள்ள தூக்கிகினு போய்ட்டாங்க, கலை. கையெழுத்துலாம் வாங்கிட்டாங்க."

"ஓடுங்க. ஜல்தி ஓடுங்க."

போனில் ஓடும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம், யாரோ அதட்டும் சத்தம், கதவைத் தட்டும் சத்தம். பிறகு நீண்ட நேரம் எதுவுமில்லை. பொன்னியம்மாள் கலையரசியின் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு அழைப்பு வீடியோவுக்கு மாறி, திரையில் ஒரு பெண் டாக்டரின் முகம் வந்தது, பச்சைத் தொப்பியோடு.

"காட்டுங்கம்மா."

காட்டினார்.

"இதேதானா? இதே மாதிரி இன்னொண்ணு வீட்ல இருக்கா?"

"இல்லீங்க. இது ஒண்ணுதான்."

"கிட்ட கொண்டு வாங்க. கால்ல ஏதோ ப்ளூ கலர்ல இருக்கே, அது என்ன?"

"செருப்புங்க."

"இன்னொரு கால்ல?"

கலையரசி சுறாவைத் திருப்பிப் பார்த்தார். வெறுங்காலில் பசை ஒட்டியிருந்த தடம் பளபளத்தது.

"அது எப்பவும் இல்லீங்க. வரப்பவே இல்ல."

"நிச்சயமாத் தெரியுமா? இந்த மாதிரி சின்னதா கழண்டு வர்றதுதான் மூச்சுக்குழாய்ல போகும். குழந்த இதத் தொட்டு, செருப்பு மட்டும் கழண்டிருந்தா?"

நிச்சயமாகத் தெரியும் என்று சொல்லத்தான் வந்தார் கலையரசி. ஆனால் காலையில் சுறாவைத் தன் கையாலேயே கட்டியது நினைவில்லை. அப்படிப்பட்ட நினைவை நம்பி ஒரு குழந்தையின் தொண்டையை எப்படிப் பணயம் வைப்பது? எப்போதும் ஒரே செருப்புதானா? நேற்று இரண்டு இருந்ததா? பயத்தில் அவருக்கு இரண்டு செருப்போடு சுறா தெரிந்தது.

"இருங்க மேடம். வெச்சிராதீங்க. போட்டோ கீது."

பொம்மை சேகரிப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் அவர் இருந்தார். அங்கே ஒருவருக்கொருவர் பொம்மைகளைத் தபாலில் மாற்றிக்கொள்வார்கள். பார்சலைப் பிரித்த கையோடு நாலு பக்கமும் படமெடுத்துக் குழுவில் போட வேண்டும் என்பது அங்கே வழக்கம். பின்னால் உடைந்தது, குறைந்தது என்று சண்டை வரக்கூடாதல்லவா. தென்னரசு அதற்குத்தான் அதிகம் சிரிப்பார். "மாடு புடிக்கறவன்கூட இவ்ளோ பாக்க மாட்டான். பல்லுலாம் சரியா கீதா?" என்பார்.

படம் கிடைத்தது. பிரித்த பார்சல் உறையின் மேல் சுறா, நாலு பக்கமும். வெறுங்கால், பசைத் தடம். கீழே கலையரசியே எழுதியிருந்தது: "ஒரு செருப்பு வரலைங்க. பரவால்ல, ஒத்தச் செருப்பே நல்லாத்தான் இருக்கு." தேதி பல மாதங்களுக்கு முந்தையது.

தென்னரசுவின் போனுக்கு அனுப்பினார். டாக்டர் பெரிதாக்கிப் பார்ப்பது தெரிந்தது. யாரிடமோ திரும்பி ஏதோ சொன்னார். பிறகு போனுக்குத் திரும்பினார்.

"நெஞ்சுல சத்தம் நல்லா இருக்கு. ஆக்சிஜனும் குறையல. பால் பொரையேறியிருக்கலாம். இப்ப டியூப் போடல. ராத்திரி வார்டுல வெச்சிப் பார்க்கறோம். இருமலோ காய்ச்சலோ வந்தா அப்ப யோசிக்கலாம்."

போன் கைமாறியது. இந்த முறை பவித்ரா. அழுகை இல்லை. மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. கலையரசி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இருமலும் வரவில்லை, காய்ச்சலும் வரவில்லை. மறுநாள் மதியம் ஆட்டோ வந்து நின்றது. பவித்ரா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கலையரசி வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. குழந்தை பாயைப் பார்த்து இரு கைகளையும் நீட்டித் துள்ளியது. பவித்ரா பிடியை இறுக்கினார்.

"எங்கக்கா அது?"

இழையிலிருந்து அவிழ்த்து வைத்திருந்த சுறாவைக் கலையரசி கொண்டுவந்து நீட்டினார். பவித்ரா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். தலையை அழுத்தினார், வாலை அழுத்தினார், ஒற்றைச் செருப்பை நகத்தால் நெம்பிப் பார்த்தார். வரவில்லை.

"இது என்னாண்ட இருக்கட்டும்."

"வெச்சிக்க பவி. தூக்கிப் போட்டாலும் சரி."

"போட மாட்டேன். நேத்து வார்டுல கண்ண மூடனா, அது உள்ள கீதுன்னே தோணிகினு இருந்திச்சி. எந்திரிச்சி பாக்கறப்ப இது எதிர்ல தெரியணும்."

அந்தச் சுறா இப்போது பவித்ரா வீட்டில், காலண்டர் ஆணிக்கும் மேலே, யார் கைக்கும் எட்டாத உயரத்தில் தொங்குகிறது. கலையரசி அதைத் திருப்பிக் கேட்கவில்லை. சேலையில் விழுந்த கோட்டை முதலாளி கண்டுபிடித்தார், கூலியில் பிடித்தார். அலமாரிக்குப் பூட்டு வந்தது. சாவி அவர் தாலிக்கயிற்றில். குழந்தை மறுபடி வருகிறது, ஆனால் பவித்ராவோடு மட்டும், பவித்ராவின் மடியில் மட்டும்.

தறியில் இழை இன்னும் அறுகிறது. அறுந்ததும் கலையரசி புது இழையை முடிகிறார், கை தானாகப் போகிறது. போன கையை அவர் இப்போதெல்லாம் முகத்துக்கு நேரே கொண்டுவந்து, விரலைத் திறந்து, என்ன இருக்கிறதென்று பார்க்கிறார். பார்த்ததை வாய்விட்டுச் சொல்கிறார்.

"நட்டு."

வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருக்கும் தென்னரசுவுக்கு அது கேட்கும். முதலில் சில நாள் அவர் அதையும் கேலி செய்தார். இப்போது தறிச் சத்தம் நின்றதும் துடைப்பதை நிறுத்திவிட்டு, அந்தச் சொல் வரும்வரை காத்திருக்கிறார்.